ஐந்தாவது விடை

அவள் எதையும் தட்டிப் பார்க்காமல் கையில் எடுக்க மாட்டாள். டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் வந்தால் ஆள்காட்டி விரலை மடக்கி முதலில் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் குடிப்பாள். கொஞ்சம் மந்தமாகக் கேட்டாலும், "வேற குடுங்க, இதுல விரிசல் இருக்குதுங்க" என்பாள். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கும். அதற்குப் பிறகு ஒரகடம் கூட்டு ரோட்டில் அவள் தலை தெரிந்தாலே, "வந்துட்டாங்கய்யா டங்கம்மா, நல்ல கிளாஸா பாத்து எடுத்து வை" என்று அவர் சத்தம் போடுவார். அவளுக்குக் கோபம் வராது. அந்த நல்ல கிளாஸையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் குடிப்பாள்.

டங்கென்று தட்டிப் பார்ப்பதால் வைத்த பட்டம்தான், டங்கம்மா அவள் பெயர் இல்லை. அவள் பெயரை இங்கே நான் எழுதப்போவதும் இல்லை. இன்றைக்கும் ஏதாவது ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில்தான் இருப்பாள். பெயரைப் பார்த்துவிட்டு, 'ஓ, அந்தப் பொம்பளையா' என்று யாராவது அவளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்ப நான் காரணமாகக் கூடாது.

வேலையும் அவளுக்குத் தட்டுவதுதான். எங்களுடையது சாணைச் சக்கரம் செய்கிற கம்பெனி. இரும்பைத் தேய்க்க, கருவிகளைத் தீட்ட மற்ற கம்பெனிகள் வாங்கிப்போகிற சக்கரங்கள். சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு சக்கரத்தையும் அனுப்புவதற்கு முன்னால் தட்டிப் பார்க்க வேண்டும். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, சின்ன மரச்சுத்தியால் நாலு பக்கமும் தட்ட வேண்டும். நல்ல சக்கரம் வெண்கலக் கிண்ணம் போலப் பேசும். உள்ளே விரிசல் இருந்தால் ஈரமண்ணைத் தட்டினது போல 'பொத்'தென்று கேட்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விரிசல் விட்டது மெஷினில் வேகமாகச் சுற்றும்போது வெடிக்கும். எங்கள் ஊரில் லேத்துப் பட்டறையில் வேலை செய்தவர் ஒருவருக்கு ஒரு கண் கிடையாது. ஏன் என்று அவள் வேலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

நான் அங்கே கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கம்பெனி இருக்கிற இடத்தில் முன்னே எங்கள் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடுகிற நிலம், இருந்தது. கொல்லைக்கு ஒரு பேரும் இருந்தது. இப்போது அதற்குப் பேர் கேட் நம்பர் மூன்று. அதற்காக அழுகிறவள் இல்லை நான். அந்தக் கொல்லையில் களை பிடுங்கியே என் இடுப்பு போயிற்று. ஆனாலும் பத்து வருஷம் அந்த கேட்டுக்குள் போய் வந்தும் என்னை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ ஹவுஸ்கீப்பிங்" என்றால் எங்கள் ஆறு பேரில் பக்கத்தில் இருக்கிறவள் ஓட வேண்டும்.

அவள் வந்த முதல் நாளே என்னிடம், "உங்க பேரு என்னுங்க்கா?" என்று கேட்டாள். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்காரி. அந்த ஊர்ப் பேச்சில் எல்லா வார்த்தைக்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும். நான் முந்தானைக்குள்ளேயே, "அம்சா" என்றேன்.

"கேக்கலீங்க."

"அம்சா."

அன்று மத்தியானம் ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து, "அம்சாக்கா! சாப்புட வாங்க!" என்று கூப்பிட்டாள். இத்தனை மெஷின் சத்தத்திலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் துடைப்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. மறுநாளும் கூப்பிட்டாள். ஒரு மாதத்தில் சூப்பர்வைசரும் "அம்சாம்மா" என்றார்.

அந்த சூப்பர்வைசருக்கும் அவளுக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. சண்டை போடுவார்கள், பிறகு கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆள்தான் அவர். ஒரு தடவை மாசக் கடைசி, லாரி வாசலில் நிற்கிறது. ஐம்பது சக்கரத்தை அவள் ஒதுக்கி வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா, லாரி நின்னுக்கினு கீது, நீ இன்னாடான்னா தட்டிக்கினு பஜனை பண்ற?"

"பொத்துன்னு கேக்குதுங்க சார்."

"ஈரமா இருக்கும்மே. மழைல வந்த லோடு. ஈரத்துல அப்படித்தான் கேக்கும். அனுப்பு."

"ஈரம்னா காயட்டுமுங்க. காஞ்சப்பறம் தட்டுவோம். அப்பப் பேசுச்சுன்னா அனுப்பலாமுங்க."

"காயற வரிக்கும் லாரிய நானா புடிச்சுக்கினு நிக்கிறது?"

"கயிறு வேணா தரட்டுமுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துவிட்டார். லாரி இரண்டு மணி நேரம் நின்றது. உலர்த்துகிற அறையில் வைத்து எடுத்துத் தட்டினாள். நாற்பத்தேழு சக்கரம் கணீரென்று பேசின. மூன்று பேசவில்லை. அந்த மூன்றில் ஒன்றை சூப்பர்வைசரே தரையில் போட்டு உடைத்துப் பார்த்தார். உள்ளே பழைய விரிசல் கறுப்பாகத் தெரிந்தது. அன்று கேன்டீனில் தன் தட்டிலிருந்த வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் வடையையும் தட்டிப் பார்த்தாள். "இது பொத்துங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவளிடம் எப்போதும் ஒரு கல் இருக்கும். சாப்பாட்டுப் பைக்குள், ஊறுகாய் டப்பா பக்கத்தில். என் கட்டைவிரல் பருமன் இருக்கும். ஆறு பட்டை, நடுவில் கொஞ்சம் பருத்து, பீப்பாய் மாதிரி. பழைய செங்கல் நிறம். அழகு என்று சொல்ல முடியாது. என்ன கல் என்று கேட்டேன்.

"குருந்தக்கல்லுங்க்கா. எங்கூர்ல மழை பேஞ்சு விட்டா காட்டுல கழுவிட்டுக் கெடக்கும். பொறுக்குவோம். இதை இடிச்சு, அரக்குல கொழைச்சுத்தான் அந்தக் காலத்துல சாணைக்கல்லு பண்ணுவாங்க."

"இதுல இன்னா விசேஷம்?"

அவள் என் எவர்சில்வர் டிபன் மூடியை வாங்கி, அந்தக் கல்லின் முனையால் ஒரு இழு இழுத்தாள். வெள்ளையாகக் கோடு விழுந்தது. இருபது வருஷ மூடி. எனக்குச் சுருக்கென்றது. "வைரம் ஒண்ணுக்குத்தானுங்க இது அடங்கும். மத்தது எல்லாத்துலயும் கோடு போடும்" என்றாள், அவளே பெற்ற பிள்ளையைச் சொல்வது போல.

வாசல் பக்கம் விருந்தாளிகளுக்கென்று ஒரு கூடம் உண்டு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பெனியின் சக்கரங்களும், சக்கரம் எதிலிருந்து வருகிறது என்று காட்ட ஒரு கல்லும் வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைப்பவள் நான். ஒரு நாள் ஏதோ கையெழுத்துப் போட அந்தப் பக்கம் வந்தவள், பெட்டி முன்னால் நின்றுவிட்டாள்.

"அக்கா! எங்கூர்க் கல்லுங்க!"

பார்த்தேன். அதே ஆறு பட்டை. வெல்வெட் துணியில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. எச்.ஆர். சார் அந்த வழியாக வந்தார். சென்னைப் பிள்ளை, நல்ல மாதிரி.

"அது கொரண்டம்மா. நம்ம சக்கரத்துல இருக்கிற பொருள். நாம இப்ப ஃபர்னஸ்ல செய்யறோம், இது இயற்கையா கிடைக்கிறது."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். குருந்தம்."

"இல்லம்மா, கொரண்டம். லத்தீன் வார்த்தை. அட்டையில எழுதியிருக்கு பாருங்க."

அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. அவள் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். திரும்பிப் போகிற வழியில் ஷெட் வாசலில் நின்று, "வேத்து ஊர்க்காரன் எங்கூரு காட்டுல வந்து கல்லப் பொறுக்கிட்டுப் போனப்ப, இதுக்குப் பேரென்னன்னு யாருகிட்டக் கேட்டிருப்பானுங்க்கா? கல்லுகிட்டயா கேட்டிருப்பான்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

அந்த வருஷம்தான் பரீட்சை வந்தது. அதுவரைக்கும் அவளுக்குப் பதினோரு மாதம் வேலை, பிறகு ஒரு மாதம் நிறுத்தம், மறுபடி புது ஆள் போலச் சேர்ப்பு. இப்படியே ஆறு தடவை. சுங்குவார்சத்திரத்தில் ஒரு அறையில் ஏழு பெண்களோடு இருந்தாள். புருஷன் இல்லை. மகள் ஊரில் அக்காள் வீட்டில் இருந்து படித்தாள். நிரந்தரமானால் தனியாக ஒரு வீடு பிடித்து மகளைக் கூட்டிக்கொள்ளலாம். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். தட்டிப் பார்க்கிற வேலையில் இருப்பவர்களில் பரீட்சை தேறினவர்களை நிரந்தரமாக்குவோம் என்று போர்டில் ஒட்டினார்கள். 'நம் பொருள்' என்று ஒரு பகுதி. பத்துக் கேள்வி. சக்கரத்தை ஆராய்கிறவர்கள் என்பதால் பத்துக்குப் பத்தும் வாங்க வேண்டும். வாங்கினால் நிரந்தர ஆட்கள் போடுகிற நீலச் சட்டை. ஒன்று குறைந்தாலும் பழையபடி கான்ட்ராக்ட் ஆட்களின் சாம்பல் சட்டைதான்.

பரீட்சை அறையில் தண்ணீர் ஊற்றித் தர என்னை நிறுத்தியிருந்தார்கள். எச்.ஆர். சார் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் படித்தார். நாலு விடையில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். ஏழாவது கேள்வி: கொரண்டம் என்ற பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது? ஒன்று லத்தீன், இரண்டு கிரேக்கம், மூன்று ஜெர்மன், நாலு அரபு.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மேஜை விளிம்பை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு பேனாவை எடுத்து எதையோ எழுதினாள். டிக் போடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் குனிந்து பார்த்தேன். நாலு விடைக்குக் கீழே அவளே ஐந்து என்று ஒரு எண் போட்டிருந்தாள். 'ஐந்து. தமிழ். குருந்தம்.' அதற்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக்.

அவள் வாங்கியது ஒன்பது.

அன்று ஷிப்ட் முடிந்து கூட்டு ரோட்டு டீக்கடையில் நின்றோம். போனை எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளியே வந்ததும்தான் கையில் கிடைக்கும். லேபில் வேலை செய்கிற திருநெல்வேலிப் பெண் ஒருத்தி எங்கள் கூட நின்றாள். நடந்ததைக் கேட்டதும் போனில் எதையோ தேடினாள்.

"யக்கா, இங்கன பாருங்க. இங்கிலீஷ் அகராதியிலயே போட்டிருக்காவ. தமிழ்ல குருந்தம்னு சொல்லுததுல இருந்து வந்துச்சாம். சமஸ்கிருதத்துல குருவிந்தம்னா மாணிக்கமாம், அதையும் சொல்லுதாவ. லத்தீன்னு ஒரு எழுத்து இல்ல."

"மாணிக்கமா?" என்றேன்.

"ஆமாக்கா. மாணிக்கம், நீலம், இந்தக் கல்லு, எல்லாம் ஒரே கல்லுதான். நிறந்தான் வேற. உங்களுக்குத் தெரியாதா?"

அவள் பையிலிருந்து தன் செங்கல் நிறக் கல்லை எடுத்து ஒரு தடவை பார்த்தாள். "நீ மாணிக்கத்துக்குச் சொந்தக்காரியாடி?" என்று அதைக் கேட்டாள். அன்று அவள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

மறுநாள் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு எச்.ஆர். அறைக்குப் போனாள். நான் உள்ளே ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். சார் தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"அம்மா, நீங்க சொல்றது கரெக்ட்டுதான். எனக்கே தெரியாது. ஆனா சமஸ்கிருதமும் போட்டிருக்கே?"

"எங்களுதா அவங்களுதாங்கறதை அப்பறமா உக்காந்து பேசிக்கலாமுங்க சார். அந்த நாலுல இல்லீங்களே?"

"இல்ல. ஒத்துக்கறேன்."

"அப்ப மார்க்குப் போடுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நான் போட முடியாதும்மா. விடைக்குறிப்பு ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்தது. ஒண்ணுன்னு இருந்தா ஒண்ணுதான்."

"அவங்களுக்கு எழுதுங்க, தப்புன்னு."

"எழுதறேன். அது எப்போ யார் பாத்து, எப்போ மாத்தறது? அதுக்குள்ள லிஸ்ட் போயிடும்." குரலைத் தாழ்த்தினார். "நீங்க எழுதின பேப்பர் ஹெட் ஆபீசுக்குப் புதன்கிழமை சாயங்காலம்தான் போகுது. என் மேஜையிலதான் இருக்கு. வந்து உங்க டிக்கை அடிச்சிட்டு ஒண்ணுல போட்டுடுங்க. நான் பாக்கல. அவ்வளவுதான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அவள் வெளியே வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"எப்பம்மா வந்து கூட்டிட்டுப் போவ? பெரியம்மா டீசி வாங்கறதான்னு கேக்கறாங்க."

"நாளைக்குச் சொல்றேன் கண்ணு."

போனை வைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் யோசனை சொல்லி வழக்கமில்லாத நான் அன்று வாயைத் திறந்தேன்.

"ஒரு டிக்குதானேம்மா. போட்டுட்டு வந்துடு. கல்லுக்கு இன்னா பேர் வெச்சா இன்னா, பொண்ணு வூட்டுக்கு வந்துடுமில்ல? நாமெல்லாம் பேருக்குச் சண்டை போடற நெலமையிலயா கீறோம்?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா, சூப்பர்வைசர் சாரு நாளைக்கு ஒரு சக்கரத்தைக் கொண்டாந்து, இதுக்கும் ஒரு டிக்குதானம்மான்னு கேப்பாரு. அப்ப நான் எந்த வாயில இல்லீங்கறது?"

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"அப்பறம் என்ற புள்ளைக்கு அந்தக் கல்லோட பேரை நாந்தான் சொல்லிக் குடுத்தேன். மூணு வயசுல. மழைல நனஞ்சுக்கிட்டு ரெண்டு பேரும் பொறுக்குனோம். அவகிட்டப் போயி, கண்ணு, அது நம்ம பேரு இல்லியாமா, கம்பெனியில சொல்லிட்டாங்கன்னு சொல்லோணுமுங்களா?"

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கூடத்தில் மாப் போட்டுக்கொண்டிருந்தேன். எச்.ஆர். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. சார் பேப்பரை மேஜைமேல் வைத்துவிட்டு, சொன்னபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சூப்பர்வைசரும் அங்கே நின்றார். "போடும்மே, சீக்கிரம் போட்டுட்டு வா, நாளைக்கு நீலச் சட்டை" என்றார். அவருக்கும் அவள் தேற வேண்டும் என்றுதான் இருந்தது.

அவள் பேப்பரை எடுத்தாள். ஏழாவது கேள்வியைப் பார்த்தாள். சார் கொடுத்த பேனாவை வாங்கவில்லை.

"சார், திரும்புங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்."

அவர் திரும்பினார்.

"தட்டிப் பாத்து, பொத்துன்னு கேட்டா பொத்துன்னு சொல்றதுக்குத்தானுங்க எனக்கு வேலை குடுத்தீங்க. இந்த விடை பொத்துங்க. நாலும் பொத்துதான். நல்லதுன்னு சொல்லி அனுப்ப மாட்டனுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு..."

"அவளுக்கும் சேத்துத்தானுங்க சொல்றேன்."

பேப்பரை இருந்த இடத்திலேயே வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் தன் கல்லை ஒரு நிமிஷம் வைத்து, சாரையும் சூப்பர்வைசரையும் பார்த்து, பிறகு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கூடத்தில் நான் மாப் போட்ட ஈரத் தரையில் அவள் செருப்பு பதிந்துகொண்டே போயிற்று. அன்று அந்தத் தடத்தைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. தானாகக் காயும் வரைக்கும் விட்டுவிட்டேன்.

லிஸ்டில் அவள் பெயர் இல்லை. அவளுக்கு அடுத்த மேஜையில் தட்டுகிறவர்கள் இரண்டு பேருக்கு நீலச் சட்டை வந்தது. இரண்டு மாதம் கழித்து அவளுடைய பதினோரு மாதம் முடிந்தது. மறுபடி கூப்பிடவில்லை. கடைசி நாள் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கல்லை என் டிபன் மூடிமேல் வைத்தாள்.

"வெச்சுக்கங்க்கா. மூடியக் கெடுத்ததுக்கு ஈடு. கத்தி தீட்டலாம்."

"உனக்கு?"

"எங்கூர்ல மழை இன்னும் பெய்யுதுங்களே."

வாலாஜாபாத் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சக்கரம் தட்டச் சேர்ந்திருக்கிறாள் என்று லேப் பெண் சொன்னாள். மகள் வரவில்லை. டீசியும் வாங்கவில்லை.

அடுத்த மாதம் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கம்பெனியே பரபரப்பாக இருந்தது. கூடத்தைப் பளபளவென்று வைக்கச் சொல்லி என்னைக் காலை ஏழு மணிக்கே வரச் சொன்னார்கள். தரை துடைத்தேன். நாற்காலி துடைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்கு வந்தேன். உள்ளே அந்தக் கல் வெல்வெட்டில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதே அட்டை. எச்.ஆர். சார் எழுதினாரோ இல்லையோ, அட்டை மாறவில்லை.

'நாமெல்லாம் பேருக்குச் சண்டை போடற நெலமையிலயா கீறோம்?' என்று நான் கேட்டது ஞாபகம் வந்தது. ஷெட்டின் கோடியிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவளிடம் போய் நான் அதைக் கேட்டிருக்கிறேன்.

பையிலிருந்து கல்லை எடுத்தேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு ரேஷன் கடைக் கையெழுத்தைத் தவிர நான் எதையும் எழுதினதில்லை. கண்ணாடிமேல் முனையை வைத்து அழுத்தினேன். பல் கூசுகிற சத்தம். கு. கை வழுக்கியது. ரு. மேலே ஏறிவிட்டது. ந்-க்குப் புள்ளி பெரிதாகிவிட்டது. த. ம். கோணல் மாணலாக, ஒரு சாண் நீளத்துக்கு எழுதி முடித்தேன். பிறகு ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். கண்ணாடித் தூள் போனதும் எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

ஒன்பதரைக்கு எச்.ஆர். சார் வந்தார். நின்றார். பெட்டி பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"யாரு இது?"

கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். துணியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தேன்.

"நான்தான் சார். அம்சா."

"துடைங்கம்மா, உடனே!"

"தொடச்சிட்டேன் சார். அது போவாது."

கண்ணாடியை மாற்ற நேரமில்லை. பத்து மணிக்குக் கார்கள் வந்துவிட்டன. ஒரு வயதான விருந்தாளி அந்தப் பெட்டி முன்னால் நின்று, கோணல் எழுத்தை விரலால் தடவிப் பார்த்து ஏதோ கேட்டார். சார் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அது புரியாது. ஆனால் நடுவில் 'தமிழ்' என்று இரண்டு தடவை கேட்டது. 'குருந்தம்' என்று ஒரு தடவை சரியாகவே சொன்னார். விருந்தாளியும் இரண்டையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு 'ழ'வும் வரவில்லை, 'ந்த'வும் வரவில்லை. விடாமல் சொல்லிப் பார்த்தார்.

எல்லோரும் போன பிறகு சார் என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் பாதி, வேறு எதுவோ பாதி.

"அம்மா, நாளைக்கு அந்தக் கண்ணாடிய மாத்திடுவாங்க."

"மாத்தட்டும் சார். கல்லு என்கிட்டதான் கீது."

மறுநாளிலிருந்து என்னைக் கூடத்துப் பக்கம் விடவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று காரணம் எழுதி, மாசக் கடைசியில் கார்டை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதே வயதுதான் எனக்கு அதற்கு முந்தின மாசமும். கண்ணாடியை மாற்றினார்களா, தெரியாது. அட்டையை மாற்றினார்களா, அதுவும் தெரியாது.

கண்ணாடியில் எழுதிய அன்று சாயங்காலமே லேப் பெண்ணின் போனை வாங்கி அவளுக்குப் பேசினேன். நடந்ததை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் ஒரே மூச்சில் பேசினதில்லை. 

"அம்சாக்கா" என்றாள் எல்லாம் கேட்டுவிட்டு. "எழுதுனப்பறம் கண்ணாடியத் தட்டிப் பாத்தீங்களா? அழுத்தி எழுதுனா விரிசல் உட்டுருமுங்க."

"பாத்தேன்."

"எப்புடிக் கேட்டுச்சுங்க?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "டங்குன்னு" என்றேன்.